வெள்ளிக்கிழமை மூன்று பேர்

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, வீடியோ மீட்டிங்கில் எங்கள் குழுவைக் கலைக்கப்போவதாகச் சொன்னார்கள். பதினொன்றே காலுக்கு மீட்டிங் முடிந்தது. மதியத்துக்குள் அலுவலக மெயில் திறக்கவில்லை. மென்பொருள் சோதனை வேலையில் எனக்கு ஒன்பது வருடம் ஓடியிருந்தது. அந்த ஒன்பது வருடத்தில் கூட வேலை பார்த்தவர்களின் முகவரிகளில் பாதி அந்த மெயிலோடு போய்விட்டது என்பது அன்று மாலைதான் உறைத்தது.

இரவு உட்கார்ந்து, போனில் இருந்த எண்களையும், வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் இருந்த பட்டியலையும் பார்த்து, நன்றாகத் தெரிந்தவர்கள் என்று நினைத்த 43 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினேன். "வணக்கம், எப்படி இருக்கீங்க? பேசி ரொம்ப நாள் ஆச்சு. ஒரு சின்ன உதவி வேணும்." பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினேன்.

பதினொரு பேர் பதில் போட்டார்கள். பெரும்பாலும் "பார்க்கிறேன்", "ரெஸ்யூமே அனுப்புங்க" என்ற அளவில். என் முதல் டீம் லீட் மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். "கண்டிப்பா விசாரிச்சுச் சொல்றேன் தம்பி. நாம பேசி நாலு வருஷம் ஆச்சு இல்ல? நடுவுல எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சு, இப்ப பரவாயில்லை. நீ எப்படி இருக்கே?"

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த மனிதர் ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாடுகிறார், எனக்கு அது தெரியவே இல்லை, என் காரியம் ஒன்று ஆகவேண்டி வந்தபோதுதான் தெரிகிறது. அன்றிரவு அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

வேலை கடைசியில் கிடைத்தது. ஆனால் அந்த 43 பேர் வழியாக வரவில்லை. முன்பு ஒரு புராஜெக்டில் ஆறே வாரம் எங்களோடு இருந்துவிட்டுப் போன ஒரு மேடம் கூப்பிட்டார். அவர் வேறு கம்பெனி, ஆலோசகராக வந்திருந்தார். "அவ்வளவு பழக்கம் இல்லையே, என்ன நினைப்பாரோ" என்று நான் பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஆள். எங்கள் குழு கலைந்ததை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். "நீங்க எனக்கு ஒரு மெயில் எழுதினீங்க, ஞாபகம் இருக்கா? அந்த டூல் ஏன் நடுவுல நின்னு போகுதுன்னு ஒரு பக்கத்துக்கு விளக்கி? அதை இன்னும் வெச்சிருக்கேன். என் டீமுக்குப் புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் அனுப்புறேன்." எனக்கு நினைவே இல்லை. இருபது நிமிடத்தில் எழுதியிருப்பேன்.

இதைத் தற்செயல் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது, இதை ஐம்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் ஆராய்ந்து எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், சமீபத்தில் வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களிடம் போய், இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வழியாகக் கிடைத்திருந்தது. "உங்கள் நண்பரா சொன்னார்?" என்று கேட்டால், பலர் ஒரே மாதிரி திருத்தினார்களாம்: நண்பர் இல்லை, தெரிந்தவர். அந்தத் திருத்தம் திரும்பத் திரும்ப வந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. 1973-இல் வெளியான அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அப்போது அடிக்கடி, அதாவது வாரம் இரண்டு முறையாவது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். நமக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சம் தள்ளியிருப்பவர்தான் வேறொரு வட்டத்தில் இருந்து செய்தி கொண்டுவருகிறார் என்பது அவர் சொன்ன காரணம். தாங்கள் மறந்தே போன ஒருவரிடமிருந்து இவ்வளவு முக்கியமான தகவல் வருகிறதே என்று அவரே அந்தக் கட்டுரையில் வியந்திருக்கிறார்.

2022-இல் சயன்ஸ் இதழில் இதைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு ஒன்று வந்தது. லிங்க்ட்இன்னில் ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேரை வைத்துப் பார்த்தார்கள். வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது மிதமான பழக்கம். நெருங்கிய நட்புக்கும் முகம் மட்டும் தெரிந்த பழக்கத்துக்கும் நடுவில் இருப்பவர்கள்.

இந்த நடுவாந்தரப் பழக்கத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. நெருங்கிய நண்பனிடம் ஆறு மாதம் பேசாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆறு வாரம் கூட வேலை பார்த்த ஒருவரிடம் இரண்டு வருடம் பேசாவிட்டால், பிறகு பேச ஆரம்பிக்கவே கூச்சமாக இருக்கும். அதைத் தானாக உயிரோடு வைத்திருக்க எதுவும் இல்லை; யாராவது ஒருவர் முயற்சி எடுக்க வேண்டும். அந்த முயற்சியை வருடக்கணக்கில் விடாமல் எடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கண்டுபிடிக்க எனக்கு இரண்டு தோல்விகள் தேவைப்பட்டன.

புது வேலையில் சேர்ந்ததும் பெரிய வேகத்தோடு ஆரம்பித்தேன். வாரம் ஒரு மீட்டப், அதாவது ஒரே துறைக்காரர்கள் கூடுகிற சந்திப்பு, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு புது அறிமுகம். ஐந்தாவது வாரம் நின்றுபோனது. மேசை இழுப்பறையில் 31 விசிட்டிங் கார்டு சேர்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் நாலைந்து பேருடைய முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அடுத்து, ஒரு எக்செல் கோப்பு. 200 பேர், பன்னிரண்டு பத்திகள், யாரிடம் எப்போது பேசினேன் என்பதற்கு வண்ணங்கள். ஒரு மாதம் அந்தக் கோப்பை அழகாக வைத்திருந்தேன். அந்த மாதத்தில் எத்தனை பேரிடம் பேசினேன் என்று பார்த்தால் ஆறு பேர்.

இரண்டும் ஒரே காரணத்தால் உடைந்தன, அதைக் கண்டுபிடிக்க என் தொழிலே உதவியது. ஒரு மென்பொருள் நல்ல நாளில் ஓடுகிறதா என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து விழும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. லோடு டெஸ்டிங் என்போம். என் பழக்கங்களை அப்படிச் சோதிக்கவே இல்லை. உற்சாகமாக இருந்த நாளில் திட்டம் போட்டு, உற்சாகமாக இருக்கும் நாளுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி வைத்திருந்தேன். மென்பொருளை வெளியிடுகிற ரிலீஸ் வாரம் வந்தது, இரவு பன்னிரண்டு மணி வரை வேலை, முதலில் கழன்று விழுந்தது இதுதான். அப்புறம் "விட்டுப்போச்சே" என்ற குற்ற உணர்ச்சியில் திரும்பத் தொடவும் மனம் வரவில்லை.

அதனால் மூன்றாவது முறை கேள்வியைத் திருப்பிப் போட்டேன். ரிலீஸ் வாரத்தில், தூக்கம் கெட்டு, தலை வலிக்கிற ஒரு நாளிலும் என்னால் செய்ய முடிகிற அளவு எது? ஒரே ஒருவருக்கு இரண்டு வரி. அதுதான் அடித்தளம். சாதாரண வாரத்தில் மூன்று பேர். மூன்றுக்கு மேல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நன்றாக இருக்கிறது, பத்துப் பேருக்கு எழுதலாம் என்று தோன்றினாலும் எழுதுவதில்லை. பத்துப் பேரும் பதில் போட்டால் அந்த உரையாடல்களை யார் தொடர்வது?

ஏன் வெள்ளிக்கிழமை? அன்று கடைசி மீட்டிங் நாலரைக்கு முடியும். அது முடிந்ததும் லேப்டாப்பை மூடுவதற்கு முன், இவர்களைப் பற்றிக் குறித்துவைக்கும் நோட்டை எடுப்பேன். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைக்காது, இதை எல்லோரும் அனுபவித்திருப்போம். இன்ன நேரத்தில், இன்னது முடிந்ததும், இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் எழுதினார். எனக்கு அந்த நாலரை மணி மீட்டிங்தான் மணி அடிக்கிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு நிறையப் பொறுமையைக் கொடுத்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். தினமும் செய்கிற ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமல் செய்கிற அளவுக்குப் படிய, நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம் (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை). தினசரிப் பழக்கத்துக்கே இந்தக் கணக்கு என்றால், வாரம் ஒருமுறை செய்வது படிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும் ஆச்சரியமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே ஆய்வில் இன்னொன்று: ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை. இந்த ஒரு வரி என் இரண்டாவது முயற்சியின்போது தெரிந்திருந்தால், அந்த எக்செல் கோப்பை நான் மூடியிருக்க மாட்டேன். விட்டுப்போன வாரத்துக்கு இப்போதெல்லாம் ஈடுகட்டுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த மூன்று பேர், அவ்வளவுதான்.

எத்தனை பேரை வைத்துக்கொள்வது? மனிதர்களால் நிலையாகப் பேணமுடிகிற உறவுகள் சுமார் 150 என்று ராபின் டன்பார் 1990-களில் கணித்துச் சொன்னார். அதில் குடும்பமும் நட்பும் எல்லாம் அடக்கம். தொழில் வட்டத்துக்கு 70 பேர் என்று நான் வைத்துக்கொண்டேன். கணக்கு எளிது. வருடத்தில் நான்கு வாரம் எப்படியும் போய்விடும். மிச்சம் 48 வாரம், வாரம் மூன்று, ஆக 144. எழுபது பேருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை எழுதிவிடலாம். கிரானவெட்டர் "எப்போதாவது" என்று சொன்னதற்கு அவர் வைத்த எல்லை, வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல், வாரத்துக்கு இருமுறைக்குக் கீழ். வெறும் மூன்று செய்தி என்னை அந்த எல்லைக்குள் கொண்டுபோய்விடுகிறது. லிங்க்ட்இன் 30,000 பேர் வரை சேர்த்துக்கொள்ள விடும். அந்த எண்ணைப் பார்த்து இப்போது எனக்கு எந்த ஆசையும் வருவதில்லை.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கோடு போட்ட நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"மே 12. போனில் பேசினோம், 15 நிமிடம். வேறு டீமுக்கு மாறியிருக்கிறார். பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போகணும்னு ஆசை, எங்கே ஆரம்பிப்பதுன்னு தெரியலை என்றார். மகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. நான் சொன்னது: லாக் படிப்பது பற்றிய என் குறிப்பை அனுப்புகிறேன். மே 14, அனுப்பியாச்சு. செப்டம்பரில் கேட்க வேண்டும், ஆரம்பித்தாரா என்று. காலையில் கூப்பிடக் கூடாது."

இதில் எனக்கு முக்கியமான வரி "நான் சொன்னது" என்பது. பேச்சுவாக்கில் நாம் எத்தனை சொல்லிவிடுகிறோம்! "அந்த லிங்க் அனுப்புறேன்", "அவரோட நம்பர் தர்றேன்", "உங்க ரெஸ்யூமேவைப் பார்த்துட்டுச் சொல்றேன்". சொன்ன ஐந்து நிமிடத்தில் நமக்கு மறந்துபோகிறது. கேட்டவருக்கு மறப்பதில்லை. அவர் இரண்டு நாள் எதிர்பார்ப்பார், மூன்றாம் நாள் கேட்கக் கூச்சப்படுவார், பிறகு நம்மைப் பற்றி மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். நமக்கு அது கடைசிவரை தெரியவே தெரியாது. இந்த நோட்டு வைக்க ஆரம்பித்த முதல் மாதத்தில், நான் சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தவை ஒன்பது என்று எண்ணிப் பார்த்தேன். இப்போது புதிதாக யாருக்கும் எழுதுவதற்கு முன், பாக்கி இருப்பதைத்தான் முதலில் முடிக்கிறேன். முடியாதென்றால், "சொன்னேன், என்னால் முடியவில்லை, மன்னிச்சுக்கோங்க" என்று எழுதிவிடுகிறேன். அப்படி எழுதிய ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவர் நெகிழ்ந்துதான் பேசியிருக்கிறார்.

ஒருவரைப் பற்றிக் குறித்துவைப்பது சரியா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. நான் வைத்துக்கொண்ட விதி: அவரே இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாலும் எனக்குச் சங்கடம் இருக்கக் கூடாது. அவர் நம்பிச் சொன்ன அலுவலகச் சண்டை, சம்பளம், உடல்நிலை விவரம் எதையும் எழுதுவதில்லை. வீட்டை விட்டு அந்த நோட்டு வெளியே போகாது.

சரி, செய்தியில் என்ன எழுதுவது? பலர் தடுக்கி நிற்கிற இடம் இதுதான். "எப்படி இருக்கீங்க, எல்லாம் நல்லா போகுதா?" என்று அனுப்பினால், பேச்சைக் கண்டுபிடிக்கிற பாரம் முழுவதும் அந்தப் பக்கம் விழுகிறது. அவர் "நல்லா இருக்கேன், நீங்க?" என்பார். நாம் "நல்லா இருக்கேன்" என்போம். முடிந்தது. அதோடு, இப்படி ஆரம்பிக்கிற செய்தியைப் பார்த்ததும் அடுத்து உதவி கேட்கப்போகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். என் 43 செய்திகளும் அப்படித்தான் இருந்தன.

எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் நல்ல செய்தி, அவர் எப்போதோ சொன்னது என்ன ஆனது என்று திரும்பிச் சொல்வது. போன மாதம் ஒருவருக்கு எழுதியது இது: "அண்ணா, ரெண்டு வருஷம் முன்னாடி, பிழை அறிக்கையில முதல் வரியிலயே எது உடைஞ்சுதுன்னு எழுதணும், எப்படி கண்டுபிடிச்சேன்னு கதை சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க. இந்த வாரம் டீமுக்கு வந்த ரெண்டு புதுப் பிள்ளைங்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். உங்க பேரைச் சொல்லித்தான் சொன்னேன். பதில் போடணும்னு இல்லை, வேலையைப் பாருங்க." அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். யோசனை கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு, இப்படி ஆயிற்று என்று திரும்ப வந்து சொல்கிறவர்கள் மிகமிகக் குறைவு. யோசனை சொன்னவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன இருக்க முடியும்?

அது இல்லையென்றால், அவருக்குப் பயன்படும் ஒன்று. அவர் தேடிக்கொண்டிருந்த விஷயம் கண்ணில் பட்டால், ஏன் அனுப்புகிறேன் என்று ஒரு வரியோடு. அதுவும் இல்லையென்றால், அவர் செய்த வேலை ஒன்றைக் குறிப்பிட்டு, எது பிடித்தது என்று. எதுவும் தோன்றவில்லையென்றால் அந்தப் பெயரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன். மொத்தமாக அனுப்புகிற வாழ்த்துச் செய்திகளை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன் வரும் தயக்கம் இன்னும் எனக்குப் போகவில்லை. இவ்வளவு நாள் கழித்து எழுதினால் என்ன நினைப்பார்? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியூ தலைமையில் 2022-இல் வந்த ஆய்வு இதையேதான் எடுத்துக்கொண்டது. 13 சோதனைகள், 5,900-க்கும் மேற்பட்டவர்கள். தொடர்புகொள்கிறவர் எதிர்பார்ப்பதைவிட, தொடர்புகொள்ளப்படுகிறவர் அதிகம் மகிழ்கிறார். எதிர்பாராமல் வந்தது என்றால் மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. அதாவது, நாம் எதை நினைத்துக் கூச்சப்படுகிறோமோ, அந்த நீண்ட இடைவெளியே அவருக்குச் சந்தோஷமாகிறது. விட்டுப்போன தொடர்புகளைத் திரும்ப எடுப்பதில் பயன் உண்டா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். டேனியல் லெவின், ஹோர்ஹே வால்ட்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவன அதிகாரிகளை மூன்று வருடமாவது பேச்சில்லாமல் இருந்த பழைய சகாக்களிடம் போய் ஒரு வேலை விஷயத்தில் யோசனை கேட்கச் சொன்னார்கள். கிடைத்த யோசனைகள், இப்போது பழகிக்கொண்டிருப்பவர்கள் தந்ததற்குக் குறைந்தவையாக இல்லை, புதியவையாகவும் இருந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்த மூன்று வருடத்தில் அவர் வேறு இடங்களைப் பார்த்திருக்கிறார். பழைய நம்பிக்கையோ அப்படியே இருக்கிறது.

பழக்கமாகத் தொடர்பு பேணுவது என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் சார்லஸ் டார்வின். அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே போய்வந்த கடிதங்களில் இன்று கிடைத்திருப்பவை சுமார் 15,000; எழுதிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். பீகிள் என்ற கப்பலில் அவர் உலகைச் சுற்றிய பயணத்துக்கு வழி திறந்ததே ஒரு கடிதம்தான், அவருடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ 1831 ஆகஸ்டில் எழுதியது. பயணத்துக்குப் பிறகு டார்வின் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார், உடம்பும் சரியில்லை. பெரிய விஞ்ஞானிகளுக்கும் எழுதினார், புறா வளர்ப்பவர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் எழுதினார். என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேட்டார். அவருடைய மகன் ஃபிரான்சிஸ் ஒரு விஷயத்தை எழுதிவைத்திருக்கிறார்: யார் எழுதினாலும், உளறலாகவே எழுதினாலும், பதில் போடாவிட்டால் அப்பாவுக்கு மனது உறுத்தும். தொல்லை கொடுக்கிறவர்களுக்கு அனுப்ப என்று ஒரு பதிலை அச்சடித்தே வைத்திருந்தார். ஆனால் அதை அனேகமாகப் பயன்படுத்தவே இல்லை. கூட்டத்தில் கலகலவென்று பேச வராது, எனக்கெல்லாம் நெட்வொர்க்கிங் ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எனக்கும் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் பேச்சு வராது. ஒருவருக்கு உட்கார்ந்து எழுத வரும். அது போதும்.

உதவி கேட்பது பற்றியும் ஒன்று. வருடம் முழுக்க எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டே இருந்தால், கேட்க வேண்டிய நேரத்தில், "அப்போ இதுக்குத்தான் எழுதினாயா" என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. ஃபிளின், லேக் என்ற இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்க வைத்தார்கள். எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்னால் நினைத்தார்களோ, அதில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கேட்டதுமே வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. முகம் தெரியாதவர்களே இப்படி என்றால், தெரிந்தவர்கள் எவ்வளவு செய்வார்கள்? அதனால் இப்போது சின்னச் சின்ன உதவிகளை இடையிடையே கேட்கிறேன். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியதாக, மறுப்பதற்கு எளிதாக. "எங்கேயாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால் அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. "உங்க டீம்ல ஆட்டோமேஷனுக்கு ஆள் எடுக்கிறப்போ எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்.

இரண்டு பேரை அறிமுகம் செய்துவைக்கும்போது நான் கற்றுக்கொண்டது, இருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல் செய்யக் கூடாது. ஒருமுறை அவசரத்தில் ஒரு சீனியரையும் ஒரு புதுப் பையனையும் ஒரே மெயிலில் கோர்த்துவிட்டேன். சீனியருக்கு அது கஷ்டமான மாதம். அவரால் பதில் போட முடியவில்லை, பையன் தன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். இருவருக்கும் என்னால் மனக்கஷ்டம்.

இப்படி நாளும் நேரமும் குறித்து, நோட்டு வைத்து, மனிதர்களோடு பழகுவது கணக்குப் பார்க்கிற வேலை இல்லையா என்று ஒரு தோழி கேட்டாள். நேர்மையான கேள்வி. பல வாரம் மனதில் ஓடியது. ஒரு சோதனை செய்து பார்த்தேன்: அந்த 70 பேரில், எனக்கு எந்த விதத்திலும் வேலை விஷயத்தில் உதவவே முடியாதவர்கள் எத்தனை பேர்? பணி ஓய்வு பெற்றவர்கள், இந்தத் துறையை விட்டே போனவர்கள், இப்போதுதான் படித்து முடித்து வந்த பிள்ளைகள், எல்லாம் சேர்த்து அப்போது ஆறு பேர்தான் இருந்தார்கள். எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. இப்போது பத்தொன்பது பேர். அப்படி எண்ணியபோதே இன்னொன்றும் தெரிந்தது, எழுபதில் 51 பேர் என்னைப் போலவே மென்பொருள் சோதனைக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே செய்தி, ஒரே கவலை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழுக்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நிற்பவருக்குத்தான் புதியது முதலில் வந்து சேர்கிறது என்று ரொனால்ட் பர்ட் 1992-இல் எழுதியதைப் படித்திருந்தும், என் நோட்டை அந்தக் கண்ணோடு பார்க்கத் தோன்றவில்லை. அதன்பிறகு வடிவமைப்பாளர்கள், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள், கணக்குப் பிரிவில் ஒருவர் என்று மெல்லச் சேர்த்துவருகிறேன். தோழிக்கு என் பதில் இதுதான்: மறக்காமல் இருக்க நோட்டு வைக்கிறேன். எனக்கு ஞாபகசக்தி குறைவு, அன்பு குறைவில்லை.

நான்கு வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை ஏழு வாரம் தொடர்ந்து விட்டுப்போனது, வீட்டில் உடல்நலக் கஷ்டம். எட்டாவது வெள்ளி நோட்டை எடுத்தபோது ஒருவருக்கு மட்டும் இரண்டு வரி எழுதினேன்.

என் முதல் டீம் லீட் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறார். போன ஜூனில் பணி ஓய்வு பெற்றார். அவருக்கு மட்டும் எழுதுவதில்லை. கூப்பிட்டுப் பேசுவேன், அதுதான் அவருக்குப் பிடிக்கும். போன வெள்ளிக்கிழமை பேசியபோது, ஓய்வு நேரத்தில் பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். "பிழை வந்தா உன்கிட்ட கேப்பேன், சலிச்சுக்கக் கூடாது தம்பி" என்றார். பேசி முடித்ததும் நோட்டில் அவருடைய பக்கத்தில் எழுதினேன்: "நான் சொன்னது: ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிட்டு, முதல் புரோகிராமைச் சேர்ந்து பார்க்கிறேன்."